கையெழுத்துக்கு அப்புறம்தான் வேலை இருக்கிறது

வங்கியில் கைநாட்டு வைக்கும் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பணம் எடுக்க அவரே நேரில் வர வேண்டும். புகைப்படத்தோடு ஆளை ஒத்துப் பார்ப்பார்கள், ரேகைக்குச் சாட்சி கேட்பார்கள். அதே பெண் இரண்டு மாதம் இரவு வகுப்புக்கு வந்து பெயரை எழுதப் பழகிவிட்டால் "கையெழுத்துப் போடுபவர்" என்று பதிவு மாறுகிறது. அந்தப் பாதுகாப்பும் போகிறது. படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது முன்பும் அவருக்குத் தெரியாது, இப்போதும் தெரியாது. அடுத்த வீட்டுக்காரியின் குழுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்கிறவர்களில் பலர் இப்படிப் பாதிக் கிணறு தாண்டியவர்கள்தான்.

வறுமையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வயது வந்தோருக்குக் கற்பிக்க வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். எழுத்தறிவு தானாகப் பணமாக மாறாது. கற்பவரின் கைக்கு இந்த வாரம் வந்த காகிதம் எதுவோ அதுதான் பாடம்: கடன் அட்டை, பாஸ்புக், கூலிச் சீட்டு, ரேஷன் கடைக் குறுஞ்செய்தி. அந்தக் காகிதத்தை அவர் தானே படித்து, "இதில் தப்பு இருக்கு" என்று சொல்லும் நாளில்தான் கல்வி வீட்டுச் செலவுக்குள் நுழைகிறது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது அது வெறும் அ, ஆவோடு நிற்கவில்லை. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட வழி செய்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். சைக்கிள் கற்றவர்கள் பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல் விளைபொருளை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள். குவாரி எடுத்த குழுவுக்குக் கணக்கு எழுத ஆள் தேவைப்பட்டது. படித்ததைப் பயன்படுத்த ஒரு காரணம் கண்ணெதிரே இருந்தது. அந்தக் காரணம் இல்லாத ஊர்களில் கற்ற எழுத்து இரண்டே வருஷத்தில் மறந்துபோனதையும் பார்க்கலாம்.

வகுப்பு தொடங்கும்போது "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று நேராகக் கேட்காதீர்கள். தெரியாதவர்கள் பாதிப் பேர் தெரியும் என்பார்கள். தினசரி காலண்டரையோ செல்போன் செய்தியையோ கொடுத்து, "இதுல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் பாருங்கக்கா" என்றால் போதும். "கண்ணாடி எடுத்துட்டு வரலையேம்மா" என்று பதில் வரும். பெரும்பாலும் அது சாக்கு. ஆனால் சாக்கு என்று ஒதுக்கிவிடவும் கூடாது, ஏனென்றால் பல நேரம் அது உண்மையும்கூட. நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்கத் தொடங்கிவிடும். வகுப்பிலிருந்து நின்றுபோகிறவர்களில் கணிசமானவர்கள் பாடம் ஏறாமல் நிற்பதில்லை, எழுத்து தெரியாமல், அதாவது கண்ணுக்குத் தெரியாமல், நிற்கிறார்கள். வெளியே "எனக்கு மண்டையில ஏறலை" என்று சொல்லிக்கொள்வார்கள். முதல் வாரத்திலேயே எல்லாரையும் ஒரு முழ தூரத்தில் புத்தகத்தைப் பிடித்துப் பார்க்கவும், ஊசியில் நூல் கோர்க்கவும் சொல்லிப் பாருங்கள். சிரமப்படுகிறவர்களை அரசு மருத்துவமனைக்கோ கண் முகாமுக்கோ அழைத்துப் போங்கள். கடையில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடி அவசரத்துக்கு ஆகும். ஆனால் கண்புரை இருந்தால் அதில் தெரியவராது, அதனால் ஒரு முறையாவது கண் மருத்துவர் பார்த்துவிட வேண்டும். விளக்கையும் கவனியுங்கள். நடுக்கூடத்தில் ஒரே பல்பு எரிந்தால் எழுதுகிற கையின் நிழல் நோட்டின் மேலேயே விழும். இடப்பக்கமிருந்து வெளிச்சம் வரும்படி உட்கார வைத்தால் பாதிச் சிரமம் தீரும்.

ஒரு வகுப்புக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். இருபது பேரைச் சேர்த்தால் பதிவேடு அழகாக இருக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டாம். குழந்தைகளுக்குச் செய்த பெஞ்சில் முட்டி இடிக்க உட்காருவது அவமானமாக இருக்கும். பெயர் சொல்லி வருகை எடுக்கவும் வேண்டாம். "அக்கா", "பெரியம்மா", "ஐயா" என்று ஊர் எப்படி அழைக்கிறதோ அப்படியே அழையுங்கள். சிவப்பு மையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். எழுத்தறிவுத் திட்டங்கள் ஒருவருக்கு ஏறக்குறைய 200 மணி நேரம் கற்பித்தல் தேவை என்று கணக்கு வைத்திருக்கின்றன. தர்மபுரி, புதுக்கோட்டை போன்ற மானாவாரிப் பகுதிகளில் ஆடி பிறந்ததும் விதைப்பு, மார்கழி-தையில் அறுவடை. ஆக நிம்மதியாக உட்காரக் கிடைப்பது பங்குனி முதல் ஆனி வரை, சுமார் 16 வாரம். வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று போட்டால் 96 மணி நேரம். அதாவது 200 மணி நேரத்துக்கு இரண்டு கோடை வேண்டும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு திட்டம் போட வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்கிறேன் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள் கடைசியில் வருகைப் பதிவேட்டைத்தான் முடித்துக் கொடுக்கிறார்கள். இரண்டு கோடைக்கும் நடுவே எழுத்து மறந்துபோகாமல் இருக்க வாரம் ஒரு நாள் சங்கக் கூட்டத்தில், அதாவது சுயஉதவிக் குழுக் கூட்டத்தில், அரை மணி நேரம் கணக்கு நோட்டைச் சத்தமாகப் படிக்க வையுங்கள்.

இனி எழுத்து. தமிழில் 247 எழுத்து என்று சொல்லி யாரையும் பயமுறுத்த வேண்டாம். ப, ட, ம, க, ன, வ, ண என்ற ஏழு எழுத்து, மேலே வைக்கும் புள்ளி, கால், இகரக் கொக்கி. இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு பட்டா, பணம், கடன், வட்டி, பாக்கி என்ற ஐந்து சொற்களும் எழுதிவிடலாம். மூன்றாவது வாரத்துக்குள் "கடன்", "வட்டி", "பாக்கி" மூன்றையும் அட்டையில் அடையாளம் காண்கிற ஒருவர் நான்காவது வாரம் நிற்க மாட்டார். அம்மா, ஆடு, இலை என்று தொடங்கிய வகுப்பில் அந்த நான்காவது வாரம்தான் கூட்டம் கரைகிறது.

கொம்பு வைத்த எழுத்துகளைத் தள்ளிப் போடுங்கள். "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கப் பழகிய பெரியவர் இங்கே திகைத்து நிற்பார். "கொ" இன்னும் மோசம், இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. சிக்கல் என்னவென்றால், எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதலில் வருபவை பெயர், தேதி, தொகை, மூன்றுமே கொம்புச் சொற்கள். அதனால் இந்த மூன்றை மட்டும் எழுத்துக் கூட்டாமல் முழுச் சொல்லாக, படத்தைப் பார்ப்பதுபோல அடையாளம் காணச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். எழுத்துக் கூட்டுவது பிறகு தானாக வரும்.

உகர வரிசை இன்னொரு முட்டுக்கட்டை. பு, சு, வு ஒரு மாதிரி இறங்கும். கு, மு, ரு வேறு மாதிரி வளையும். து, நு, று இன்னொரு மாதிரி. ஒரே நாளில் 18 எழுத்தையும் பலகையில் எழுதிப் போட்டால் யாருக்கும் ஒன்றும் தங்காது. வடிவம் ஒத்தவற்றைச் சேர்த்து மூன்று தவணையாகக் கொடுங்கள். ல-ள-ழ, ன-ண-ந, ர-ற பிழைகளை முதல் ஆறு மாதம் திருத்தவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. "பனம்" என்று எழுதினாலும் பணம் பணம்தான். சிறுவயதில் ஒன்றிரண்டு வகுப்பு போய் நின்ற மூத்தவர்கள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழைய ணா, லை, னை வடிவங்களில் எழுதுவார்கள். தப்பு என்று அடித்துவிடாதீர்கள். பழைய கிரயப் பத்திரத்தைப் படிக்க அந்த வகுப்பில் அவர்தான் வாத்தியார்.

எதுவரை கற்றால் போதும்? 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் வைத்த அளவுகோல் இன்றைக்கும் பயன்படும்: நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிப்பது, பார்த்து எழுதுவதில் 7 சொல், சொல்வதைக் கேட்டு எழுதுவதில் 5 சொல். படிக்கும் வேகத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. மிக மெதுவாகப் படித்தால் வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும், பொருள் பிடிபடாது. தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீண்டு போவதால் 20 சொல்லைத் தொட்டாலே கடன் அட்டை புரிகிறது என்பது களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். இப்போது நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு: வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றும் 50. அதற்கும் தயார் செய்யுங்கள், சான்றிதழ் வாங்கும்போது அவர்கள் முகத்தில் வரும் பெருமை சின்ன விஷயமில்லை. ஆனால் தேர்வுக்காக மட்டும் வகுப்பை நடத்தினால் முடிந்த மறுநாள் நோட்டு பரணுக்குப் போய்விடும்.

கணக்குதான் வருமானத்தைத் தொடுகிற இடம். பெரியவர்களுக்கு எண்ணத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். சந்தையில் காய் விற்கிறவர் மனக்கணக்கில் உங்களைத் தோற்கடிப்பார். அவருக்கு இல்லாதது இரண்டு: கணக்கைக் காகிதத்தில் வைப்பது, வட்டியைக் காலத்தோடு சேர்த்துப் பார்ப்பது. தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் என்று பெயர், கையில் வருவது 9,000. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாதானே போகுது, பத்து வட்டி" என்பார்கள். புளியங்கொட்டையை எடுத்து வையுங்கள். ஒரு கொட்டை நூறு ரூபாய். தொண்ணூறு கொட்டையைக் கற்பவர் பக்கம் கொடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒன்று என்று திரும்ப எடுத்துக்கொண்டே வாருங்கள். ஐம்பதாவது நாள் நிறுத்தி, "இப்ப உங்ககிட்ட தண்டல்காரர் பணம் எவ்வளவு இருக்கு?" என்று கேளுங்கள். நாற்பதுதான் இருக்கும். 9,000 முழுவதும் 100 நாளும் கடன் வாங்கியவர் கையில் இருக்கவில்லை, சராசரியாக 4,500தான் இருந்தது என்பது அந்த இடத்தில் விளங்கும். 4,500க்கு 100 நாளில் 1,000 என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 80 சதவீதம். அதே பணத்தை சங்கத்தில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கி அதே மாதிரி அடைத்தால் வட்டி சுமார் 150. ஒரு சுற்றுக்கு 850 மிச்சம். வருஷத்துக்கு மூன்று சுற்று ஓடுகிற வீட்டில் ஏறக்குறைய 2,500. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள் கூலி 319 ரூபாய், அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட எட்டு நாள் கூலி. இந்தக் கணக்கு முடிந்த மாலை வகுப்பில் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாவற்றையும் தடுக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் முதல் மாதமே வகுப்பில் சட்டம் பேசினால் தண்டல்காரருக்குச் செய்தி போய்ச் சேரும், வகுப்பு காலியாகும். அவசரத்துக்குப் பணம் தருகிற ஒரே ஆள் அவர்தான் என்றிருக்கும் ஊரில் முதலில் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தரும் உள்கடனைப் பலப்படுத்துங்கள். சட்டம் அப்புறம்.

மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் அட்டையையும் பாடமாக்குங்கள். 2022இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடன் இந்த வகை. எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை மொத்தம் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. அட்டை கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். அட்டையில் நான்கு இடத்தை மட்டும் விரல் வைத்துக் காட்டப் பழக்குங்கள்: வாங்கிய தொகை, கையில் வந்த தொகை, ஆண்டு வட்டி, பாக்கி. பாஸ்புக்கில் வரவு எது, பற்று எது என்பது பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கத்தில் அச்சாகியிருக்கும், செல்போன் செய்தியும் அப்படித்தான். அந்த இரண்டு மூன்று ஆங்கிலச் சொல்லையும் படமாகவே மனதில் பதிய வைத்துவிடலாம், முழு ஆங்கில எழுத்தும் தேவையில்லை. ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதையும் அதே பாடத்தில் சேருங்கள்.

செங்கல் சூளைக்குப் போகிற குடும்பங்களுக்கு நான்கு கட்டம் போட்ட நோட்டு ஒன்று போதும்: தேதி, அறுத்த கல், வாங்கிய முன்பணம், பாக்கி. முதலாளி நோட்டில் மட்டும் கணக்கு இருந்தால் சீசன் முடியும்போது முன்பணம் ஏன் குறையவில்லை என்று கேட்கவே வழியிருக்காது. எதிர் நோட்டு இருந்தால் பேச்சாவது தொடங்கும்.

எழுத்து வந்த பிறகு தொழில் என்று எல்லாரும் சொல்வது தையல் பயிற்சி. ஒரு ஊரில் இருபத்தைந்து பேர் தையல் கற்றால் இருபத்து மூன்று பேருக்கு வேலை இருக்காது. பயிற்சிக்கு முன்னால் சந்தைக்குப் போய் ஒரு நாள் முழுக்க எண்ணிப் பாருங்கள்: வெளியூரிலிருந்து வந்து இங்கே என்ன விற்கிறார்கள், என்ன பழுதுபார்க்க டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் பயிற்சியோடு இரண்டு ஆண்டு பின்தொடர்தலும் உண்டு. 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய மாதிரியிலிருந்து வந்தவை அவை. கடன் விண்ணப்பம் வரைக்கும் கூட வருவார்கள் என்பதால் கற்போரை அங்கே அனுப்புவது, நாமே அரைகுறையாகப் பயிற்சி நடத்துவதைவிட நல்லது.

இப்போது உங்கள் பிழைப்பு. வயது வந்தோருக்கு எழுத்துக் கற்பிப்பது என்ற ஒன்றுக்காக மட்டும் சம்பளம் தருகிற இடம் அநேகமாக இல்லை. 2009 முதல் 2018 மார்ச் வரை நடந்த சாக்ஷர் பாரத் திட்டத்தில் ஊக்குநர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம் இருந்தது. திட்டம் முடிந்ததும் அதுவும் நின்றது. 2022-27 காலத்துக்கான இப்போதைய திட்டம் தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது, மதிப்பூதியம் கிடையாது. ஆகவே இதைத் தொழிலாக எடுப்பவர் எழுத்தறிவை மடியில் கட்டிக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் இருக்கிற வேலையில் சம்பளம் வாங்க வேண்டும். சுயஉதவிக் குழுக்களைக் கவனிக்கும் மாநில அரசின் மகளிர் திட்டத்தின் கீழ் சமூக வளப் பயிற்றுநராகலாம். 2017இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய நிதிக் கல்வி மையங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன, அங்கே களப்பணியாளர் வேலை உண்டு. தொழிற்பயிற்சி தரும் மக்கள் கல்வி நிறுவனங்களில் பயிற்றுநராகலாம். மற்றபடி தொண்டு நிறுவனங்களின் திட்டப் பணி, பெரும்பாலும் ஓரிரு ஆண்டு ஒப்பந்தம். படிப்பு என்று பார்த்தால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வயது வந்தோர் கல்வியில் எம்.ஏ. அஞ்சல் வழியில் இருக்கிறது. மேற்பார்வைப் பொறுப்புக்குப் போக அது உதவும். களத்தில் முதல் வேலை கிடைக்க அதைவிட உதவுவது இரு சக்கர வாகன உரிமம், எக்செல், சங்கக் கணக்கைத் தணிக்கைக்குத் தயார் செய்யும் பழக்கம் ஆகிய மூன்றும்தான். வேலையில் பாதி காகிதம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. மாலையில் வகுப்பு, காலையில் அறிக்கை.

வேலைக்குச் சேரும் முன் சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். ஒரு பணியாளருக்கு எத்தனை ஊர், எத்தனை பேர் இலக்கு? ஆண்டுக்கு 500 பேர் என்றால் பெயர் சேர்க்கிற வேலைதான், கற்பிக்கிற வேலை இல்லை. நன்கொடைத் தவணை தாமதமானால் சம்பளம் யார் தருவார்கள்? மாலை வகுப்பு முடிந்து இரவு எட்டரைக்குத் திரும்புகிற பெண் பணியாளருக்கு என்ன ஏற்பாடு? பயணப்படி தனியா, சம்பளத்துக்குள்ளா? நாளுக்கு 40 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் 880 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தாலும் 20 லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய 2,000 ரூபாய். டயரும் ஆயிலும் தனி. பயணப்படி சம்பளத்துக்குள் என்றால் முதலில் இந்தத் தொகையைக் கழித்துவிட்டு மிச்சத்தில் குடும்பம் ஓடுமா என்று பாருங்கள். புளியங்கொட்டை இருந்தால் அதை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.